நாலூரானுக்கும் ஒரு வரம்

சென்னை மாநகரின் தாகம் தீர்க்கும் ஏரிகளுள் செம்பரம்பாக்கம் ஏரியும் ஒன்று. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மழைக்குப் பிறகு அதன் பெயரை அறியாத தமிழர் இல்லை. ஆனால் வெள்ளமும் குடிநீரும் ஒருபுறம் இருக்க, ஆன்மிக அன்பர்கள் அந்த ஏரியை வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதன் வடக்கே திருமழிசை, திருமழிசைப்பிரான் அவதரித்த தலம். வடகிழக்கே பூவிருந்தவல்லி, காஞ்சி வரதனுக்குத் திருவாலவட்டக் கைங்கரியம் செய்து, அவனோடு உரையாடிய திருக்கச்சி நம்பிகளின் ஊர். கிழக்கே குன்றத்தூர், பெரியபுராணம் தந்த சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். மேற்கே சற்றுத் தள்ளி ஸ்ரீபெரும்புதூர், 1017ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் உடையவர் திரு அவதாரம் செய்த புண்ணிய பூமி. வண்டி ஒன்று வைத்துக்கொண்டால் நான்கு ஊர்களையும் ஒரே நாளில் சேவித்துத் திரும்பலாம். பலரும் அவ்வாறு சேவிக்கின்றனர்.

இந்த ஊர்களின் பெரியோர் வாழ்விலும், அவர்கள் அருளிய நூல்களிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தீங்கு செய்தவனை என்ன செய்வது என்பதே அக்கேள்வி. நான்கு ஊர்களையும் இணைக்கும் சாலைகளில் இன்று அதே கேள்வி வேறு வடிவங்களில் நின்றுகொண்டிருக்கிறது. தொழிற்சாலைகளின் கழிவு இரும்பை எடுக்கும் ஒப்பந்தம் யாருக்கு என்ற போட்டியில் வெட்டு, அதற்குப் பதில் வெட்டு. தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்துக் கிடைத்த இழப்பீட்டைப் பங்கிடுவதில் முகம் முறிந்து, தாயின் திதிக்குக்கூட ஒன்று சேராத அண்ணன் தம்பிகள். சங்கம் வைத்ததற்காகத் தண்டனை என்று தொழிலாளரும், ஒழுங்கை மீறியதற்காக நடவடிக்கை என்று நிர்வாகமும் மாறி மாறிப் பேசும் ஆலை வாயில்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உடையவரின் ஊரின் பெயரை உலகம் முழுவதும் துயரத்தோடு உச்சரிக்க வைத்த 1991 மே 21ஆம் நாள் இரவு.

கூரத்துச் செல்வர்

காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள கூரத்தில் பெருஞ்செல்வராக வாழ்ந்தவர் ஸ்ரீவத்சாங்கர். கூரத்தாழ்வான் என்றால்தான் நமக்குத் தெரியும். நாள் முழுதும் அன்னமிட்டு, இரவில் அவர் மாளிகைக் கதவு சாத்தப்படும் ஓசை காஞ்சியில் வரதன் சந்நிதி வரை கேட்குமாம். அந்தப் புகழே தமக்குச் செருக்காகிவிடும் என்று அஞ்சி, அத்தனை செல்வத்தையும் துறந்து, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் சென்று உடையவரின் திருவடியைப் பற்றினார். வழியில் காட்டுப்பகுதி வந்தபோது ஆண்டாள் அஞ்சினாள். கணவர் அமுது செய்யப் பொன் வட்டில் ஒன்றை மடியில் மறைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆழ்வான் அதை வாங்கிக் காட்டில் எறிந்த பிறகு அவளுக்கு அச்சம் தீர்ந்தது என்பர்.

அவருக்கு நேர்ந்த தீங்கைக் குருபரம்பரை நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. சோழ மன்னன் ஒருவன், சிவனுக்கு மேல் தெய்வம் இல்லை என்று அறிஞர் யாவரும் ஓலையில் கையெழுத்திட வேண்டும் என ஆணையிட்டான். வைணவ நூல்கள் அவனைக் கிருமிகண்டன் என்கின்றன. அவன் எந்தச் சோழன் என்பதில் வரலாற்று அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவனிடம் அமைச்சனாக இருந்த நாலூரான், மற்றவர் கையெழுத்தால் பயனில்லை, இராமானுசரின் கையெழுத்தே வேண்டும் என்று எடுத்துக் கொடுத்தான். இந்த நாலூரான் வேறு யாரும் அல்லன். கூரத்தாழ்வானிடமே பாடம் கேட்டவன்.

அரச சேவகர்கள் திருவரங்கம் வந்தபோது ஆழ்வான் தம் ஆசாரியரின் காவி உடையைத் தாம் அணிந்து, நூற்றைந்து வயதான பெரிய நம்பிகளுடன் சபைக்குப் புறப்பட்டார். உடையவர் வெள்ளை உடுத்து மேல்நாடு சென்றார். சபையில் ஓலை நீட்டப்பட்டது. 'சிவம்' என்ற வடசொல்லுக்குக் குறுணி என்ற அளவைப் பொருளும் உண்டு. அதைவிடப் பெரிதான பதக்கு இருக்கிறதே என்று எழுதி ஆழ்வான் கையெழுத்திட்டாராம். (சைவ அன்பர்கள் இதைப் படித்து மனம் நோக வேண்டியதில்லை. அந்தப் பரிகாசம் ஈசனை நோக்கியதன்று, கத்தியைக் காட்டிப் பக்தியை எழுதி வாங்கும் ஆணையை நோக்கியது.) இருவர் கண்களும் பறிக்கப்பட்டன. பெரிய நம்பிகள் வழியிலேயே, தஞ்சைக்கு அருகே பசுபதிகோயிலில் திருநாடு அலங்கரித்தார். கண்ணிழந்த ஆழ்வான் திருவரங்கம் திரும்பினார்.

பலரும் விரைவாகக் கடந்துவிடும் நிகழ்ச்சி ஒன்று அங்கே நடந்தது. இராமானுசரைச் சேர்ந்தவர் எவரையும் கோயிலுக்குள் விடக்கூடாது என்பது அரச கட்டளை. வாயிலில் ஒருவன் தடுத்தான். மற்றொருவனோ, "இவர் எவருக்கும் தீங்கு நினையாத நல்லவர், இவரை விடலாம்" என்றான். கண்ணிழந்து, குருவைப் பிரிந்து நின்ற மனிதருக்கு அரங்கன் சந்நிதி ஒன்றே மிச்சம். ஆழ்வானோ உள்ளே அடி வைக்கவில்லை. தம் நற்குணத்துக்காகக் கிடைக்கும் அனுமதி, ஆசாரிய சம்பந்தத்தை விட்டதாகிவிடும் என்று திரும்பி நடந்தார். தடுத்தவனைச் சபிக்கவும் இல்லை, விட்டவனுக்கு நன்றி சொல்லி உள்ளே போகவும் இல்லை. பின்பு திருமாலிருஞ்சோலை சென்று அழகரைத் துதித்தபடி காலம் கழித்தார். பகைவனை வெறுக்காதவர்கள் எதற்கும் வளைந்து கொடுப்பவர்கள் என்று எண்ணுவோர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

மேல்கோட்டையில் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கிய உடையவர், மன்னன் மறைந்த பின் திருவரங்கம் மீண்டார். ஆழ்வானைத் தழுவிக்கொண்டு, தம் பொருட்டு இந்தக் கதி நேர்ந்ததே என்று கலங்கினார். ஆழ்வான் சொன்ன மறுமொழி வியப்பானது. யாரோ ஓர் அடியார் இட்டிருந்த திருமண் கோணலாக இருந்ததென்று தாம் எப்போதேனும் நினைத்திருக்கக்கூடும், அந்த அபசாரத்தின் பயன் இது என்றாராம். அரசனையும் சொல்லவில்லை, நாலூரானையும் சொல்லவில்லை.

வேண்டியதைத் தருபவனான காஞ்சி வரதனிடம் சென்று கண்ணைக் கேட்டுப் பெறும்படி உடையவர் நியமித்தார். ஆசாரியரின் ஆணையை மீற முடியாது. ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை அருளிச்செய்து நின்றார். வரதன் உகந்து, வேண்டும் வரம் யாது என்றான். அவர் கேட்டது கண் அன்று. தாம் அடையப்போகும் பேற்றை நாலூரானும் அடைய வேண்டும் என்றார். வரதன் இசைந்தான்.

உடையவருக்கு இதில் மகிழ்ச்சியா, வருத்தமா என்றால் இரண்டும் என்றே சொல்ல வேண்டும். கண் கேட்கச் சொல்லி அனுப்பிய சீடர், கண்ணைப் பறிக்கக் காரணமானவனுக்கு மோட்சம் கேட்டுத் திரும்புகிறார். மீண்டும் கேட்கச் செய்தபோது, பெருமாளையும் ஆசாரியரையும் காணும் அளவுக்குப் பார்வை அருளப்பட்டதாக ஒரு வழக்கு உண்டு. பிற்காலத்தில் அரங்கன் ஆழ்வானுக்கும் அவரைச் சேர்ந்தவர் அனைவருக்கும் பரமபதம் அருளியபோது, உடையவர் தம் காவித் துணியை ஆகாயத்தில் வீசி ஆனந்தித்தாராம். ஆழ்வானைச் சேர்ந்தவர் என்ற கணக்கில் தமக்கும் மோட்சம் உறுதியாயிற்று என்பது அவர் சொன்ன காரணம். குரு சீடனின் தயவில் மோட்சம் போகிறேன் என்று குதூகலிக்கும் இந்தக் காட்சி வேறு எந்தச் சரிதத்தில் இருக்கிறது!

இந்த வரத்தில் ஒரு சிக்கலும் உண்டு. கண் ஆழ்வானுடையது. அதை இழந்ததற்கு மன்னிக்கும் உரிமை அவருக்கு உண்டு. பெரிய நம்பிகளின் உயிரும் அதே சதியில்தான் போயிற்று. அவருக்காக மன்னிக்க ஆழ்வானுக்கு உரிமை உண்டா? உரைகாரர்கள் இதை இவ்வாறு எழுப்பியதாகத் தெரியவில்லை. ஆனால் ஆழ்வான் கேட்டது என்ன என்பதைக் கூர்ந்து நோக்கினால் விடை ஓரளவு புலப்படும். நாலூரான் செய்தது குற்றமன்று என்று அவர் சொல்லவில்லை. அரசன் அவனைத் தண்டிக்கக் கூடாது என்றும் கேட்கவில்லை. அவன் உயிரின் முடிவான கதி கெட்டுப்போகக் கூடாது என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

உடையவரும் யாதவப்பிரகாசரும்

சீடர் இப்படி என்றால் ஆசாரியர் எப்படி இருந்திருப்பார்? இளமையில் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றபோது, பொருள் கூறுவதில் கருத்து வேறுபாடு முற்றியது. காசி யாத்திரை என்று அழைத்துச் சென்று வழியில் மாணவரை முடித்துவிட ஆசிரியர் திட்டமிட்டார். உடன் வந்த சிற்றன்னை மகன் கோவிந்தர் குறிப்பால் உணர்த்த, இராமானுசர் விந்தியக் காட்டில் தனித்து விலகினார். வேடுவத் தம்பதியாக வந்த பெருமாளும் பிராட்டியும் அவரைக் காஞ்சியில் கொண்டுவந்து சேர்த்தனர். இதுவரை பலரும் அறிந்ததே. யாதவப்பிரகாசர் யாத்திரை முடித்துத் திரும்பி, இறந்துபோனதாக எண்ணிய மாணவரைக் கண்டு திகைத்தபோது, இராமானுசர் ஊரைக் கூட்டவில்லை. மீண்டும் அவரிடமே சென்று பாடம் கேட்டார்! பின்னர் பிரிவு நேர்ந்ததும் கொள்கையால்தான், கொலைச் சதியால் அன்று. பல்லாண்டு கழித்து, தம் முதுமையில், அதே யாதவப்பிரகாசர் இராமானுசரின் சீடராகி கோவிந்த ஜீயர் என்ற திருநாமம் பெற்றார். துறவியரின் ஒழுக்கம் பற்றி 'யதிதர்ம சமுச்சயம்' எழுதினார். எழுதப் பணித்தவர் இராமானுசர்.

திருவரங்கத்தில் பிட்சையில் நஞ்சு கலந்து கொடுத்த சம்பவமும் உண்டு. சோறிட வந்த பெண்மணி ஒரு நாளும் இல்லாத வழக்கமாகக் காலில் விழுந்து எச்சரித்தாள். உடையவர் உண்ணாவிரதம் இருந்தார். எய்தவர் யார் என்று விசாரணை நடத்தவில்லை. திருக்கோட்டியூர் நம்பிகள் வந்து, இனிக் கிடாம்பி ஆச்சான் கையால் மட்டுமே அமுது செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பழி வாங்காமை வேறு, கவனமின்றி மீண்டும் நஞ்சை உண்பது வேறு. முதலாவதை உடையவர் கடைப்பிடித்தார், இரண்டாவதைப் பெரியவர்கள் தடுத்தார்கள்.

இவ்வளவும் நடந்த வம்சத்தில், கூரத்தாழ்வான் நாலூரானுக்காக நின்ற அதே வரதன் சந்நிதியில், பிரபந்தம் முதலில் யார் சேவிப்பது, எந்தத் திருமண் இடுவது என்பதற்கு வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறுவதை வரதன் புன்னகையோடுதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

குன்றத்தூர் அமைச்சர்

ஏரியின் மறுகரையில் பிறந்த சேக்கிழார், அநபாய சோழனின் அமைச்சர். உடையவர் பரமபதித்தது 1137இல். அநபாயன் எனப்படும் இரண்டாம் குலோத்துங்கன் அரியணை ஏறியது 1133இல். எனவே சைவத்தின் அந்தப் பெருங்கவியும் வைணவத்தின் அந்தப் பேராசாரியரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர், ஒரே ஏரிக்கு இருபுறமும் பிறந்தவர்கள். சமயப் பகைக்குப் பலியான ஆழ்வானின் கதையை வைணவர் ஒருபுறம் ஏட்டில் எழுதிவைக்க, சேக்கிழார் மறுபுறம் மெய்ப்பொருள் நாயனாரின் கதையை எழுதினார். இரண்டும் ஒன்றையே பேசுகின்றன.

திருக்கோவலூர் மன்னரான மெய்ப்பொருளாரைப் போரில் வெல்ல முடியாமல் பலமுறை தோற்ற முத்தநாதன், நீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டில் கத்தியை மறைத்து வந்தான். கிடைத்தற்கரிய ஆகமம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லித் தனிமை கேட்டான். அரசியை அகற்றிவிட்டு அரசர் தரையில் அமர்ந்து வணங்கிய கணத்தில் குத்தினான். வாளை உருவிப் பாய்ந்த மெய்க்காவலன் தத்தனை, விழுந்துகொண்டிருந்த மன்னரின் கை தடுத்தது. வந்தவர் நம்மைச் சேர்ந்தவர், இடையூறு நேராமல் ஊர் எல்லை வரை கொண்டு விடு என்றார். செய்தி பரவி மக்கள் திரண்டு வழிமறித்தனர். தத்தன் அரசாணையைச் சொல்லிச் சொல்லி அவர்களை விலக்கி, கொலைகாரனைக் காட்டுவழி வரை கொண்டு விட்டுத் திரும்பினான். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகே மன்னர் உயிர் பிரிந்தது.

சேக்கிழார் வெறும் பக்திக் கவிஞர் அல்லர். நாடாளும் பொறுப்பில் இருந்தவர். கொலைகாரர்களை அரசன் இவ்வாறு விட்டுவிட்டால் நாடு என்னவாகும் என்று அவருக்குத் தெரியாதா? மனுநீதிச் சோழன் தன் மகன் மீதே தேரைச் செலுத்திய கதையையும் அதே நூலில் அவர்தான் பாடினார். பசுவுக்கு நேர்ந்த அநீதிக்கு அரசன் நீதி வழங்கியே ஆக வேண்டும். தன் மார்பில் பாய்ந்த கத்திக்கு அவன் மன்னிப்பு வழங்கலாம். அமைச்சர் சேக்கிழார் இவ்விரு கதைகளையும் ஒரே நூலில் வைத்ததில் இந்த வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. தத்தனின் நிலையை எண்ணிப் பார்த்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. கத்திக் குத்தை மன்னித்த அரசரைவிட, கை துடிக்கத் துடிக்கக் கொலைகாரனுக்குக் காவலாக நடந்த அந்தச் சேவகனின் நோன்பு கடினமானதாக இருந்திருக்கும்.

திருமழிசையாழ்வாரின் கதை மென்மையானது. பெரும்புலியூரில் அவர் வந்து அமர்ந்ததைக் கண்டு, வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள் அவர் பிறப்பைக் கருதி ஓதுவதை நிறுத்தினர். அவர் குறிப்பறிந்து எழுந்து நகர்ந்தார். மீண்டும் தொடங்க முயன்றபோது விட்ட இடம் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. ஆழ்வார் ஒரு கறுப்பு நெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். கறுப்பு நெல்லை நகத்தால் பிளப்பதைச் சொல்லும் வேத வாக்கியமே அவர்கள் மறந்த இடம்! அவமதித்தவர்களின் நாவுக்கு அடியெடுத்துக் கொடுத்துவிட்டு அவர் பேசாமல் இருந்தார்.

ஆலை வாயிலில்

வெட்டும் குத்தும் நம் வீடுகளுக்குத் தொலைவானவை. அலுவலகத்தில் நிகழும் பழிவாங்கல் அப்படியன்று. அதற்கு ரத்தம் தேவையில்லை. குறையை மேலிடத்துக்கு எழுதியவருக்கு அடுத்த மாதமே தொலைதூரக் கிளைக்கு இடமாற்றம் வரும். ரகசிய அறிக்கையில் ஒரு வரி குறையும். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது. எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கும், கோப்பைப் புரட்டினால் எதுவும் கிடைக்காது. ஓய்வுபெற்று இருபது ஆண்டுகள் ஆன பின்னும் பழைய மேலதிகாரியின் பெயரைக் கேட்டால் முகம் மாறும் பெரியவர்கள் எத்தனை பேர்!

சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். தங்கள் சங்கம் பதிவு செய்யப்பட வேண்டும், அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. 37 நாள் நீடித்த போராட்டம் தமிழக அமைச்சர்களின் முயற்சியால் அக்டோபர் நடுவில் முடிவுக்கு வந்தது. அந்த உடன்பாட்டில் கூலி பற்றி எதுவும் முடிவாகவில்லை. வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது நிர்வாகம் பழிவாங்கும் நடவடிக்கை எடுக்காது, தொழிலாளர் முழு ஒத்துழைப்புத் தருவர், கோரிக்கைகளுக்கு நிர்வாகம் எழுத்து மூலம் பதில் தரும் என்பவையே அதன் சாரம். இரு தரப்பும் முதலில் வாங்கிக்கொள்ள விரும்பியது பழிவாங்காமைக்கான வாக்குறுதிதான். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. பிப்ரவரியிலேயே நிர்வாகிகள் மூவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட, மறுபடியும் உள்ளிருப்புப் போராட்டம் எழுந்தது. பழிவாங்கல் என்றது ஒரு தரப்பு, ஒழுங்கு நடவடிக்கை என்றது மறு தரப்பு.

இந்தச் சொற்போர் புதிதன்று. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமே, தகராறு விசாரணையில் இருக்கும்போது அது தொடர்பான பணி நிலைமைகளைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று விதித்தது. பின்னர் சேர்த்த அட்டவணை, தொழிலாளரைப் பழிவாங்குவதை முறையற்ற செயல் என்று பெயரிட்டே குறித்தது. சட்டம் போட்டவர்களுக்கு மனித மனம் தெரிந்திருந்தது. பழி இரு திசையிலும் பாயும். 2009 செப்டம்பரில் கோவையில் ஓர் ஆலையில், தொழிலாளர் சிலரின் பணிநீக்கத்தைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பில் மனிதவளத் துறை உயர் அதிகாரி ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அவர் வீட்டிலும் பிள்ளைகளுக்காக விளக்கேற்றி வைத்த மாடம் ஒன்று இருந்திருக்கும்.

நம் வாசகர் பலரின் மகனோ பேரனோ இந்த ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் ஏதேனும் ஒரு மேசையின் ஏதேனும் ஒரு புறம் அமர்ந்திருக்கக் கூடும். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் பிள்ளை, மேலாளரையோ தொழிலாளியையோ பற்றிக் கொதித்துப் பேசும்போது அருகில் இருப்பவர் பாட்டியோ தாத்தாவோதான்.

சர்ப்ப யாகம்

அவர்களுக்கு முன்மாதிரியாக மகாபாரதத்தில் ஒரு தந்தை இருக்கிறார். மௌன விரதத்தில் இருந்த சமீக முனிவர் பதில் சொல்லவில்லை என்று சினந்து, பரீட்சித்து மன்னன் செத்த பாம்பை அவர் தோளில் போட்டுச் சென்றான். முனிவர் பொருட்படுத்தவில்லை. அவர் மகன் சிருங்கி பொறுக்கவில்லை. ஏழு நாளில் தட்சகன் கடித்து மன்னன் மாள்வான் என்று சபித்தான். சமீகர் மகனைக் கடிந்துகொண்டார். காக்கும் அரசனை இழந்தால் நாடு படும் பாட்டை எடுத்துச் சொன்னார். சாபத்தை மாற்ற முடியாத நிலையில், எச்சரிக்கையாக இருக்கும்படி மன்னனுக்குச் சீடர் மூலம் செய்தியும் அனுப்பினார். அவமானப்பட்டவர் அவரே, அவமதித்தவனைக் காக்க முயன்றவரும் அவரே. அந்த எச்சரிக்கை பலிக்கவில்லை. பரீட்சித்து மாண்டான். அவன் மகன் ஜனமேஜயன் தட்சகனுக்குப் பழியாகப் பாம்பினம் முழுவதையும் தீயில் இட யாகம் தொடங்கினான். எந்தக் குற்றமும் செய்யாத பாம்புகள் ஆயிரமாயிரமாக விழுந்தன. அந்த யாக மண்டபத்தில்தான் வைசம்பாயனர் பாரதக் கதையைச் சொன்னார். குலம் முழுவதும் பழியால் அழிந்த கதை, பழி தீர்க்கும் யாகத்தில் அமர்ந்திருந்த அரசனுக்கே சொல்லப்பட்டது. இரு குலத்துக்கும் பிறந்த ஆஸ்திகர் வந்து கேட்ட வரத்தால் யாகம் நின்றது.

ஸ்ரீபெரும்புதூர் நிகழ்ச்சியின் முன்கதையும் இப்படி ஒரு சங்கிலிதான். 1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கியால் ராஜீவ் காந்தியைத் தாக்கினார். அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டனர். யாழ்ப்பாணத்தில் மருத்துவமனைக்குள்ளும் பொதுமக்கள் உயிரிழந்தனர். 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்பியது. அதற்குப் பழியாக 1991 மே 21 இரவு தேர்தல் கூட்டத்தில் மனித வெடிகுண்டு வெடித்தது. ராஜீவ் காந்தியோடு, காவலர் 9 பேர் உட்பட 15 பேர் பலியாயினர். அவருக்குக் கவிதை வாசித்துக் காட்ட வந்திருந்த ஒரு சிறுமியும் அவள் தாயும் அவர்களில் அடக்கம். யாழ்ப்பாணப் போருக்கும் அந்தச் சிறுமிக்கும் என்ன தொடர்பு? ஜனமேஜயனின் தீயில் விழுந்த சிறு பாம்புகளுக்கும் தட்சகனுக்கும் இருந்த தொடர்புதான்.

வழக்கு நடந்த இடம் பூவிருந்தவல்லி, திருக்கச்சி நம்பிகளின் ஊர். 1998 ஜனவரி 28 அன்று தடா நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள் தண்டனை அளித்தது, 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நால்வரில் ஒருவர் நளினி. அவருக்குச் சிறையில் பெண் குழந்தை பிறந்திருந்தது. கணவரை இழந்த சோனியா காந்தி, நளினிக்குத் தூக்கு வேண்டாம் என்று கருணை வேண்டினார். 2000ஆம் ஆண்டில் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2008 மார்ச் 19 அன்று பிரியங்கா காந்தி, விளம்பரமின்றி வேலூர்ச் சிறைக்கு வந்து நளினியைச் சந்தித்தார். செய்தி வெளியான பின், தாம் அனுபவித்த வன்முறையோடும் இழப்போடும் சமாதானம் காணவே சென்றதாகக் கூறினார்.

பாகவதம் அறிந்தவர்களுக்குத் திரௌபதி நினைவுக்கு வருவாள். தந்தை துரோணர் வஞ்சனையால் கொல்லப்பட்டதற்குப் பழியாக, அசுவத்தாமன் நள்ளிரவில் பாசறை புகுந்து அவளுடைய ஐந்து புதல்வரையும் உறக்கத்திலேயே கொன்றான். அர்ச்சுனன் அவனைக் கட்டி இழுத்துவந்து அவள் முன் நிறுத்தினான். அவள் குருவின் மகனை வணங்கி, கட்டை அவிழ்க்கச் சொன்னாள். தான் அழுவதுபோல் அவனைப் பெற்றவளும் அழ வேண்டாம் என்பது அவள் வாதம். ஆனால் மகாபாரதம் அதே திரௌபதியை வேறு விதமாகக் காட்டுகிறது. அசுவத்தாமன் கொல்லப்பட்டு, அவன் தலைமணி வரும்வரை உண்ணாமல் உயிர் விடுவேன் என்று அமர்கிறாள். இரண்டையும் வியாசர் பெயராலேயே படிக்கிறோம். பிள்ளைகளை இழந்தவள் ஒரு வேளை ஒருவிதமாகவும் மற்றொரு வேளை மற்றொரு விதமாகவும் இருந்திருப்பாள் என்று கொள்வதில் தவறில்லை.

அன்றிரவு மாண்ட மற்றவர்களின் குடும்பத்தாரையும் அவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும். தண்டனை பெற்றவர்களை விடுவிக்கும் முயற்சியை எதிர்த்து அவர்களில் சிலர் உச்ச நீதிமன்றம் சென்றனர். சோனியா காந்தி மன்னித்தது தம் கணவரின் உயிரை. ஒரு காவலரின் மனைவிக்காக அவர் மன்னிக்க முடியாது, மன்னித்ததாகச் சொல்லவும் இல்லை. 2022 மே மாதம் ஒருவரும், நவம்பர் 11 அன்று மீதமிருந்த ஆறு பேரும் உச்ச நீதிமன்றத்தால் விடுதலை பெற்றபோது, பட்டாசு வெடித்தவர்களும் இருந்தனர், கதவைச் சாத்திக்கொண்டு அழுதவர்களும் இருந்தனர். அழுதவர்களைப் பார்த்து ஆழ்வானைப் போல் இருங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆழ்வானுக்கு அதை யாரும் சொல்லவில்லை, அவராகக் கேட்டார்.

கூரம் செல்ல விரும்புவோர் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்று சேரலாம். ஆழ்வானின் திருநட்சத்திரம் தை மாத அஸ்தம். அவ்வூரில் பல்லவர் காலச் சிவாலயம் ஒன்றும் உண்டு. முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் அதற்கு அளித்த கொடைகளைக் கூரம் செப்பேடு பட்டியலிடுகிறது. அபிடேகம், திருவிளக்கு, பூசை ஆகியவற்றோடு, கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிக்கவும் அதில் பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆழ்வான் பிறப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் பாரதம் வாசிக்க வழிசெய்யப்பட்டிருந்தது.